தராசை மறந்த பயணக் கட்டுரைகள்

தமிழில் பயணக் கட்டுரை என்னும் இலக்கிய வகை இன்று பெருவழக்காகிவிட்டது. முன்னாளில் கடல்கடந்து சென்று மீண்டவர் மட்டுமே பயணம் பற்றி எழுதினர். இன்றோ, கோடை விடுமுறையில் நான்கு நாள்கள் கொச்சிக்கும் மூணாற்றுக்கும் சென்று திரும்பும் குடும்பத்தினரும், பங்கு மக்களோடு பேருந்தில் புறப்படும் அன்பியக் குழுவினரும் எழுதுகின்றனர். பங்கு மலர்களிலும் ஆண்டு விழா மலர்களிலும் இத்தகைய கட்டுரை ஒன்றேனும் இடம்பெறாமல் இருப்பதில்லை. எழுதப் பயந்தவரையும் எழுத வைக்கும் வகை இது என்பதால் இதனை நாம் வரவேற்கவே வேண்டும். ஆனால் வரவேற்பு என்பது ஆய்வுக்குத் தடையாகிவிடக் கூடாது. பரவலாக எழுதப்படும் ஒரு வகையே ஒரு சமுதாயத்தின் பார்வையை உருவாக்குகிறது. ஆதலால், துறைமுகத்தையும் மலைநாட்டையும் ஒரே பயணத்தில் கண்டு எழுதப்படும் கட்டுரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இக்கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. முதல் நாள் கொச்சி. சீன வலைகள், மட்டாஞ்சேரி அரண்மனை, 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம், வாஸ்கோ ட காமாவை 1524-இல் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் ஆலயம், சாந்தா குரூஸ் பேராலயம் ஆகியவை வரிசையாக வரும். காமாவின் எலும்புகள் 1539-இல் லிஸ்பனுக்குக் கொண்டு செல்லப்பட்ட செய்தியும் தவறாமல் வரும். மறுநாள் மலை ஏற்றம். பனி மூட்டம், பச்சைக் கம்பளம், வரையாடு, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி. இறுதியில் ஏலக்காயும் மிளகும் தேயிலைத் தூளும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புதல். துறைமுகப் பகுதி வரலாற்று நடையில் இருக்கும். மலைப் பகுதி வருணனை நடையில் இருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள சாலை, கட்டுரையில் ஒரு வெற்றிடம். துறைமுகம் ஏன் அங்கே தோன்றியது, மலை ஏன் அவ்வாறு பச்சையாக இருக்கிறது என்ற இரு கேள்விகளுக்கும் விடை அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது. எழுதுபவரோ உறங்கிவிடுகிறார்.

இவ்வாறு மலையையும் துறையையும் தனித்தனியே காண்பது தமிழின் பழைய வழக்கமன்று. சங்கப் பாடல்கள் மூன்றினை இங்கு எடுத்துக்கொள்ளலாம். மூன்றுமே துறைமுகத்தைப் பாடுகின்றன. மூன்றுமே மலையோடும் காட்டோடும் சேர்த்துப் பாடுகின்றன. அதற்கும் மேலாக, மூன்றும் ஒரே செயலைச் செய்கின்றன. அச்செயல் இன்றைய பயணக் கட்டுரையில் முற்றிலும் இல்லை.

அகநானூற்றின் 149-ஆம் பாட்டு எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியது. சேரரின் பேரியாற்று நீரைக் கலக்கிக்கொண்டு யவனர் மரக்கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வருவதையும், மிளகோடு திரும்புவதையும் கூறும் பாட்டு என்று பள்ளிப் பாடநூலிலிருந்தே நாம் இதனை அறிவோம். ஆனால் இப்பாட்டு துறைமுகத்தில் தொடங்கவில்லை, காட்டில் தொடங்குகிறது. கறையான் அரிதின் முயன்று எழுப்பிய சிவந்த புற்றும், அப்புற்றிரையில் சலிப்புற்று இலுப்பைப் பூவை நாடும் கரடிக் கூட்டமும் முதலில் வருகின்றன. அத்தகைய நெடுவழியைக் கடந்து சென்று பெறற்கரிய பொருளை எளிதில் பெறுவதாயினும் வரமாட்டேன் எனத் தன் நெஞ்சிடம் தலைவன் கூறுகிறான். காரணம், தலைவியின் கண்கள். அக்கண்களுக்கு உவமையாகத் திருப்பரங்குன்றத்துச் சுனைப்பூவைச் சொல்ல வருகையில்தான் பாண்டியன் முற்றுகையிட்ட முசிறி இடையே நுழைகிறது. உலக வாணிகத்தின் பெருநகரம், ஒரு பெண்ணின் கண்களைச் சொல்வதற்கான அடைமொழித் தொடரில் ஓர் இடைநிலையம், அவ்வளவே.

புறநானூற்றின் 343-ஆம் பாட்டு பரணருடையது. மீனை விற்றுப் பெற்ற நெல் குவியலாகக் கிடக்கும் தோணிகள், வீடுகளில் அடுக்கிய மிளகு மூடைகள், கப்பல் கொணர்ந்த பொன்னைக் கழி வழியே கரை சேர்க்கும் படகுகள், மலைபடு பொருளையும் கடல்படு பொருளையும் ஒன்றாகக் கலந்து வந்தவர்க்கு வழங்கும் குட்டுவன் என, முசிறியின் ஒரு நாள் வாழ்க்கை சில அடிகளில் விரிகிறது. இவ்வளவு செல்வத்தையும் பணிந்து வந்து கொடுத்தாலும், தன் மகளுக்கு ஒப்பில்லாதவர்க்கு அவளைத் தரமாட்டான் தந்தை என்பதே பாட்டின் முடிபு. இதில் குலப் பெருமிதமும் கலந்திருக்கக்கூடும் என்று இன்றைய வாசகர் கூறலாம், அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் முசிறி முழுவதையும் ஒரு தட்டில் வைத்து, ஒரு சிற்றூர்ப் பெண்ணை மறு தட்டில் வைத்து, அவள் பக்கம் தாழ்கிறது என்று கூறிய துணிவு புலவருடையது.

மூன்றாவது, கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை. கடல் வழி வந்த குதிரைகள், மிளகு மூடைகள், வடமலையின் பொன், மேற்கு மலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம் எனக் காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் மலையும் கடலும் நெருங்கிக் கிடக்கின்றன. சுங்கம் கொள்வோர் புலிப்பொறி இடுவது வரை சொல்லப்படுகிறது. 301 அடிகளையுடைய இப்பாட்டில் அகப்பொருள் என்று கூறத்தக்கவை சில அடிகளே. அச்சில அடிகளில், இப்பட்டினமே கிடைத்தாலும் இவளைப் பிரிந்து வாரேன் என்று முடிந்துவிடுகிறது. பெரும்பகுதி துறைமுகத்துக்கு, முடிவோ மனிதருக்கு.

மூன்று புலவரும் துறைமுகத்தை இகழவில்லை என்பது நினைவில் நிற்க வேண்டும். அதன் வளத்தைக் கண் குளிரக் கண்டு, மூடைகளை எண்ணி, படகுகளைப் பார்த்து எழுதியிருக்கின்றனர். பின்னர் தராசில் இட்டனர். வளத்தைக் குறைத்துக் காட்டி மனிதரை உயர்த்துவது எளிது. வளத்தை முழுமையாகக் காட்டிய பின்னரும் மனிதரே கனம் எனக் காட்டுவது அரிது. அதனை அவர்கள் செய்தனர். இதையே நாம் ‘தராசு’ என்கிறோம். பயண எழுத்தைத் தகவலினின்றும் இலக்கியமாக உயர்த்துவது இத்தராசே என்பது நம் கருத்து.

இதற்கு நேர் எதிரான ஒரு நூலும் நமக்குக் கிடைத்திருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய எரித்திரையக் கடற் பெரிப்ளூஸ். முசிறியையும் நெல்கிந்தாவையும் கீழைக் கடற்கரையின் துறைகளையும் அது குறிப்பிடுகிறது. எந்த மாதம் புறப்பட வேண்டும், எதைக் கொண்டுபோனால் விலைபோகும், எதை வாங்கி வரலாம் என்பனவே அதன் கவலை. தராசு அதில் உண்டு. ஆனால் அது சரக்கை நிறுக்கும் தராசு. இருப்பினும் நம் கட்டுரையாளரை விட அவ்வணிகர் ஒரு வகையில் மேலானவர். மிளகு எந்த உள்நாட்டுப் பகுதியில் விளைந்து துறைக்கு வருகிறது என்பதை அவர் விசாரித்து எழுதினார். அம்மிளகு, குடைந்த மரத் தோணிகளில் துறைக்கு வந்ததை ரோமானிய அறிஞர் பிளினியும் பதிவு செய்தார். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சுகிறது என்று அவரே குறைப்பட்டுக்கொண்டார். லாபத்துக்காகவேனும் அவர்கள் மலையையும் துறையையும் இணைத்துப் பார்த்தனர். நாமோ லாபத்துக்காகவும் பார்ப்பதில்லை, அன்பினாலும் பார்ப்பதில்லை.

இனி, இத்தராசைக் கொச்சிக்குக் கொண்டு செல்வோம். 1341-இல் பேரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் பழைய துறையைத் தூர்த்து, கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்தது என்று கருதப்படுகிறது. 2007 முதல் பட்டணம் என்னும் ஊரில் நடந்த அகழாய்வுகள் முசிறியைப் பற்றிய பேச்சுக்குப் புத்துயிர் அளித்தன. இவையெல்லாம் நம் கட்டுரைகளில் ஓரளவு இடம்பெறுகின்றன. ஆனால் அதே மட்டாஞ்சேரியில் காப்பிரி முத்தப்பன் என்ற பெயரில் மக்கள் மெழுகுதிரி ஏற்றும் ஒரு சிறு மதிலோர இடம் உண்டு. 1663-இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபோது, போர்த்துக்கீசியர் தம் செல்வத்தைப் புதைத்து, அதற்குக் காவலாக ஆப்பிரிக்க அடிமைகளையும் கொன்று புதைத்தனர் என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. நம்பிக்கையின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், கொச்சித் துறையில் அடிமை வாணிகம் நடந்தது என்பது உறுதியான வரலாறு. காமாவின் கல்லறையைத் தேடிச் செல்லும் நாம் இம்மதிலைத் தாண்டியே செல்கிறோம். பெயரறியா அந்த மனிதருக்கு மெழுகுதிரி ஏற்றிய ஏழை மக்கள், தராசை அறிந்த புலவரின் வழித்தோன்றல்கள் எனலாம்.

திருவெளிப்பாடு நூலின் 18-ஆம் அதிகாரத்தில் பெருநகரின் வீழ்ச்சிக்காக வணிகர் அழும் பகுதியை நாம் அறிவோம். பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், இலவங்கம் எனச் செல்லும் சரக்குப் பட்டியல் அது. பட்டினப்பாலையின் பட்டியலைப் போன்றே வளமானது. ஆனால் அதன் கடைசி இனம் மனித உயிர். பட்டியலின் கடைசி வரியில் மனிதரைக் கண்டுகொள்ளும் கண்ணே தீர்க்கதரிசியின் கண். கொச்சியைப் பற்றி எழுதும் கத்தோலிக்கருக்கு இக்கண் வாய்த்திருக்க வேண்டாமா? வல்லார்பாடத்துச் சரக்குப் பெட்டக முனையத்துக்கான சாலைக்காகவும் இருப்புப் பாதைக்காகவும் 2008-இல் மூலம்பிள்ளி உள்ளிட்ட ஊர்களிலிருந்து 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. வல்லார்பாடத்து அன்னையின் திருத்தலத்துக்குச் செல்வோர் அச்சாலையிலேயே செல்கின்றனர். அக்குடும்பங்கள் நம் பயணக் கட்டுரைகளில் இல்லை.

மூணாற்றுக்கு வருவோம். அங்குள்ள பச்சை, இயற்கை தந்த பச்சையன்று. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர்க் காடு அழிந்தது, தேயிலை வந்தது. தேயிலையோடு தமிழர் வந்தனர். கங்காணிகள் முன்பணம் கொடுத்து, வறண்ட ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக அழைத்து வந்தனர். விளைந்த தேயிலை மலை இரயிலில் டாப் ஸ்டேஷன் வரை சென்று, அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியே சமவெளிக்கும் துறைமுகத்துக்கும் போனது. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அவ்விரயில் பாதையை அழித்தது. சுற்றுலா வந்தோர் படமெடுக்கும் டாப் ஸ்டேஷன், ஒரு காலத்தில் துறைமுகத்தின் மலைமுனை. பெயரிலேயே அச்செய்தி இருக்கிறது. ‘அழகிய காட்சி முனை’ என்று எழுதிவிட்டு நாம் இறங்கிவிடுகிறோம்.

1898-இல் தொடங்கி 2024-இல் பசிலிக்காவாக உயர்ந்த கார்மேல் அன்னை ஆலயத்தில் தமிழில் செபிக்கும் மக்கள், நம் உறவினர்களே. 2015 செப்டம்பரில் தேயிலை பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்து, 20 விழுக்காடு போனஸ் கேட்டு மூணாறு சாலையில் அமர்ந்தனர். ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயர் நாடறிந்தது. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. பலர் கயத்தாற்றை வேராகக் கொண்டவர்கள். வரையாடு வாழும் இரவிகுளம் பூங்காவுக்கு அண்மையிலேயே உள்ளது அவ்விடம். அதன் பின்னர் எழுதப்பட்ட எத்தனை மூணாற்றுக் கட்டுரைகளில் ஒரு வரியேனும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று வாசகர் தாமே எண்ணிப் பார்க்கட்டும்.

மலையை வேறு விதமாகக் கண்டவரும் உண்டு. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் 1969-இல் எழுதிய ‘ரெட் டீ’ நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்தது. திருநெல்வேலிச் சீமையின் இளந்தம்பதி ஒன்று கங்காணியின் சொல்லை நம்பி மலை ஏறுவதே அதன் கதை. கலை நுட்பத்தில் அந்நாவலுக்குக் குறைகள் கூறலாம். சில இடங்களில் மருத்துவரின் அறிக்கை போலவே நடை செல்கிறது. ஆயினும் பனியையும் பச்சையையும் குளிரையும் அவர் மறைக்கவில்லை. அக்குளிரில் கம்பளியின்றி நடுங்குபவர் யார் என்று கேட்கிறார். அகநானூற்றுப் புலவரின் தராசு அவர் கையில் இருக்கிறது.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். ஆண்டு முழுதும் உழைத்துக் களைத்தவர் நான்கு நாள் ஓய்வுக்குச் செல்கிறார். அவரிடம் போய் அடிமை வாணிகத்தையும் மண்சரிவையும் எழுதச் சொல்வது முறையா? மகிழ்ச்சியும் இறைவன் தந்த கொடையன்றோ? நியாயமான கேள்வி இது. மகிழ்ச்சியைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. மூன்று சங்கப் பாடல்களிலும் மகிழ்ச்சி இருக்கிறது. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியைத் தொடர்ந்து சென்று எழுதி 1971-இல் வெளிவந்த ‘நடந்தாய் வாழி காவேரி’யைப் படிப்போர், மலைப் பிறப்பிடத்தையும் கடல் முகத்தையும் ஓர் ஆறு எவ்வாறு இணைக்கிறது என்பதை இன்பத்தோடே உணர்வர். இணைப்பைக் கண்டுகொள்வதே ஓர் இன்பம். புலம்பலைச் சேர்க்க வேண்டும் என்பதன்று நம் கோரிக்கை. உண்ட தேநீரையும் அதைப் பறித்த கையையும் ஒரே பத்தியில் எழுதுங்கள் என்பதே.

நம் திருச்சபை மரபிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1778-இல் கேரளத்திலிருந்து புறப்பட்டுச் சென்னையில் கப்பலேறி உரோமைக்குச் சென்ற பாறேம்மாக்கல் தோமா கத்தனார், தம் பயணத்தை மலையாளத்தில் ‘வர்த்தமானப் புஸ்தகம்’ என்னும் நூலாக எழுதினார். இந்திய மொழிகளின் முதல் பயண நூல் என்று பலரும் அதனைப் போற்றுவர். அவர் வேடிக்கை பார்க்கச் செல்லவில்லை. தம் மக்களின் வழக்கை எடுத்துரைக்கச் சென்றார். உடன் சென்ற கரியாட்டில் மல்பான் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டும், 1786-இல் கோவாவில் உயிர்நீத்தார். தம் மக்களிடம் திரும்பிச் சேரவில்லை. அந்நூலின் வலிமை அதன் வருணனையில் இல்லை. எழுதியவர் எதையோ பணயம் வைத்திருந்தார் என்பதில் இருக்கிறது.

கடைசியாக, நம் வீட்டு வாயிலுக்கே இக்கேள்வியைக் கொண்டுவர வேண்டியுள்ளது. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை 2022-இல் அகழாய்வு நடத்தியது. ஏறத்தாழ 12,000 ஆண்டு பழைமையானவை என மதிப்பிடப்பட்ட கற்கருவிகளோடு, ரோமானிய ஆம்போரா சாடிகளின் ஓடுகள், உருளைக் கோட்டு மட்கல ஓடுகள், கண்ணாடி மணிகள், சிறு பொன்னணிகள் ஆகியன அங்குக் கிடைத்தன. பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் முன்னரே இத்தகைய சாடி ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருந்தன. ஆகவே, யவனர் பொருள் துறையோடு நின்றுவிடவில்லை. உள்நாட்டு ஏரிக்கரைச் சிற்றூர் வரை வந்திருக்கிறது. பழந்துறையைக் காணக் கொச்சிக்குச் செல்லும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக் குடும்பம், தன் காலடியிலேயே துறைமுகத்தின் ஒரு நுனியை விட்டுச் செல்கிறது.

அந்நுனி இன்றும் அறுபடவில்லை. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையிலும், 2010 முதல் ஒரகடத்திலும் பேராலைகளில் கார்கள் உருவாகின்றன. அவற்றுள் பல சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் கப்பல் ஏறுகின்றன. முசிறிக்கு மலை எப்படியோ, இத்துறைகளுக்கு இவ்வட்டாரம் அப்படி. இங்கும் தொலைவூர்களிலிருந்து இளையோர் வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்கின்றனர். 2021 டிசம்பரில், விடுதி உணவால் தோழியர் பலர் நோயுற்றதைக் கேட்டு, மின்னணு ஆலையொன்றின் பெண் தொழிலாளர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிய விடிய அமர்ந்தனர். மூணாற்றுச் சாலையில் அமர்ந்த பெண்களுக்கும் இவர்களுக்கும் இடையே ஆறு ஆண்டுகளும் ஒரு மலைத்தொடரும் மட்டுமே தூரம்.

நாளை தொலைநாட்டார் ஒருவர் இவ்வழியே பயணம் செய்து ஒரு கட்டுரை எழுதக்கூடும். அகலமான சாலைகள், கண்ணாடி முகப்புக் கட்டடங்கள், நடுவே 12,000 ஆண்டுப் பழைமை வாய்ந்த ஒரு மேடு என்று அவர் வியந்து எழுதலாம். அதைப் படிக்கும் நாம் எதைத் தேடுவோம்? நம் பிள்ளைகள் அதில் இருக்கிறார்களா என்றுதான் தேடுவோம். இல்லையெனில் அக்கட்டுரை பொய் என்போம். மூணாற்று லயத்திலும் மூலம்பிள்ளியிலும் இருந்து நம் கட்டுரைகளைப் படிப்பவரும் அதையே தேடுகிறார். பரணர் முசிறியை நிறுத்த தராசு பழுதாகிவிடவில்லை. அடுத்த விடுமுறையில் பெட்டியில் வைத்துக்கொள்ள அது பெரிய சுமையுமன்று.